பழைய மோட்டார் வண்டியும் புதிய பொத்தானும்

மலைநாட்டில் மோட்டார் வண்டி வைத்திருப்பவர்க்கு விடியற்காலை ஒரு பரீட்சை வேளையாகும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவில், தை மாதத்துச் சில இரவுகளிற் புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரித்தாற்போலப் படிவதுண்டு. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் அத்துணைக் குளிர் இல்லையாயினும், மூடுபனியும் ஓயாத ஈரமும் அங்கும் குறைவில்லை. அந்த ஈரக் குளிரில் இரவு முழுதும் நின்ற முப்பது நாற்பது வயதான கார், காலையில் ஒரு முறை முனகிவிட்டு ஓய்ந்து போவது அங்குள்ளோர் அறியாத செய்தியன்று. அறிந்திருப்பதனாலேயே வண்டியை எப்பொழுதும் இறக்கத்தை நோக்கி நிறுத்தி, கியரைப் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் அண்டை கொடுத்த பின்பே சாரதிகள் உறங்கச் செல்கின்றனர். பற்றரி ஏமாற்றினாற் கல்லை அகற்றிக் கியரைச் சற்றே விடுவிக்க, வண்டி தானே உருளும். உருளும் வேகத்தில் மீண்டும் கியரை இணைத்தால் எஞ்சின் விழித்துக்கொள்ளும்.

இந்தப் பழக்கத்தின் அருகே இன்று ஒரு புதுமை வந்து நிற்கிறது. ஜப்பானிலிருந்து வரும் அண்மைக்கால வண்டிகளிற் சாவியைத் துவாரத்தில் இட்டுத் திருப்பும் வேலை இல்லை. சாவி சட்டைப்பையிலே கிடக்கும். பிரேக்கில் ஒரு காலை வைத்து, வட்டப் பொத்தானை ஒரு விரலால் அழுத்தினாற் போதும். இதனைக் கண்டோர், தம்முடைய பழைய காருக்கும் இப்படியொன்று அமைத்துவிட்டால் என்ன என்று எண்ணுவது இயல்பே. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தமையால், இடைப்பட்ட ஆண்டுகளில் இலங்கையர் பலர் பழைய வண்டியையே பேணிக் காக்கவேண்டியவராயினர். பேணிக் காக்கும் பொருளுக்கு ஓர் அணிகலன் பூட்டிப் பார்க்கும் ஆசையும் உடன் எழுந்தது. அதற்கென்றே கம்பிகளும் பெட்டியும் பொத்தானும் ஒருங்கே அடங்கிய தொகுதிகள் கடைகளில் விற்பனையாகின்றன.

அமைக்க முடியுமா என்றால், முடியும். எந்த வண்டிக்கு, எந்த அளவுக்கு அமைக்கலாம் என்பதே ஆராயத் தக்கது.

பொத்தான் புதிய பொருள் என்று கருதுவது பிழை. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் எஞ்சினை எழுப்புவதற்கு முன்புறத்தில் இரும்புக் கைபிடி ஒன்றைச் செருகிச் சுழற்றவேண்டியிருந்தது. எஞ்சின் உரிய கணத்துக்கு முன்னே வெடித்துத் திருப்பி உதைத்தால், சுழற்றியவரின் மணிக்கட்டோ முழங்கையோ முறியும். இந்தத் துன்பத்தைப் போக்கியவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர். அவர் அதற்கு முன்னர்க் கடைகளிற் பணம் பதியும் இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். பணப்பெட்டியைத் திறக்கும் மோட்டார் நாள் முழுதும் ஓடவேண்டியதில்லை, ஒரு கணம் பலமாக உழைத்துவிட்டு ஓய்ந்தாற் போதும் என்பதை அங்கே கண்டார். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கும் அதுவே பொருந்துமன்றோ! சில விநாடி மட்டும் உழைப்பதாயின், சிறிய மோட்டாரும் தன் அளவுக்கு மிஞ்சிய பாரத்தைத் தாங்கும். 1911 இல் அவர் உரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு, 1912 ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் இடம்பெற்றது.

அதன்பின் நெடுங்காலம் வண்டிகளிற் பொத்தானே ஆட்சி செய்தது. சிலவற்றிற் கால்விரலால் மிதிக்கும் பொத்தான். சிலவற்றில் முகப்புப் பலகையில் அழுத்தும் பொத்தான். வேறு சிலவற்றில் இழுக்கும் குமிழ். தோட்டத்துத் துரைமார் ஏறித் திரிந்த பழைய லாண்ட்ரோவரிலே பொத்தான் இருந்தது. 1959 இல் வெளிவந்த மினி காரின் ஆரம்ப வண்டிகளிற் பொத்தான் தரையில், இரு ஆசனங்களுக்கும் நடுவே இருந்தது. இலங்கைத் தெருக்களிற் பெரும் புகழ் பெற்ற மொரிஸ் மைனரின் முற்பட்ட வண்டிகளில், சாவி மின்சாரத்தைத் திறந்துவிட மட்டுமே பயன்பட்டது. எஞ்சினைச் சுழற்றுவதற்குத் தனியே ஒரு குமிழை இழுக்கவேண்டும். இவ்விரு வேலைகளையும் ஒரே சாவியில் இணைக்கும் வழக்கம் அமெரிக்காவிற் கிறைஸ்லர் கார்களில் 1949 அளவிற் புகுந்து, பிறகே எங்கும் பரவியது. ஆகவே மைனர் வண்டிக்குப் பொத்தான் வைப்பவர் ஒருவகையிற் புதுமை செய்யவில்லை; பாட்டனார் காலத்து வழக்கத்துக்கே திரும்புகிறார். பிரித்தானிய வண்டிகள் சிலவற்றின் பொனற்றைத் திறந்தால், ரப்பர் உறையிட்ட பொத்தான் ஒன்று ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருப்பதையும் காணலாம். மெக்கானிக்குகள் வெளியே நின்றபடியே எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பதற்காக வைத்தது அது.

பொத்தான் என்ன செய்கிறது என்பதை அறிய, எஞ்சின் எழும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். பெற்றோல் எஞ்சின் எழுவதற்கு இரண்டு காரியம் நடைபெறவேண்டும். ஒன்று, கொயிலுக்கு மின்சாரம் சென்று பிளக்கிலே தீப்பொறி தோன்றுதல். மற்றொன்று, ஸ்டாட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றுதல். முதலாவதற்குச் சில அம்பியர் மின்னோட்டமே போதும். இரண்டாவதற்கோ நூறு, இருநூறு, சில வேளை அதற்கு மேலும் அம்பியர் தேவை. இத்துணைப் பெரிய மின்னோட்டம் விரலளவான பொத்தானின் ஊடாகச் சென்றால் அது ஒரு கணத்தில் எரிந்துபோகும். பாடசாலை அதிபர் தாமே சென்று மணியை அடிப்பதில்லை. தலையசைக்கிறார், ஊழியர் அடிக்கிறார். அதுபோலவே பொத்தான் சிறிய மின்னோட்டத்தால் ரிலேயை ஏவுகிறது. ரிலே, சொலினொயிட் என்னும் காந்தச் சுவிச்சை ஏவுகிறது. அதுவே பற்றரியின் தடித்த கம்பியை ஸ்டாட்டருடன் இணைக்கிறது. கராஜில் வேலை செய்பவர் சிலர் ரிலேயை விட்டுவிட்டு, பொத்தானை நேரே சொலினொயிட்டுடன் பூட்டிவிடுவர். சில சொலினொயிட்டுகள் இழுக்கும் கணத்திற் பல பத்து அம்பியரைக் கேட்பன. அப்படிப் பூட்டிய பொத்தான் சில மாதம் நன்றாக உழைத்து, பின்னர் மழைக்கால இரவொன்றிற் கருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஸ்டாட்டர் நிற்காது சுழலும். ஆதலின் ரிலேயும் அதற்கேற்ற உருகியும் இன்றியமையாதன.

இனி, மாற்றம் செய்யும் வழிகள் இரண்டு. எளிய வழியிற் பழைய சாவி அப்படியே இருக்கும். சாவி ஸ்டியரிங் பூட்டைத் திறந்து, கொயிலுக்கு மின்சாரம் விடும். எஞ்சினைச் சுழற்றும் வேலை மட்டும் பொத்தானுக்கு மாறும். பொத்தானுக்குரிய மின்சாரத்தைச் சாவிக்குப் பின்னுள்ள கம்பியிலிருந்தே எடுக்கவேண்டும். பற்றரியிலிருந்து நேரே எடுத்தலாகாது. இதிற் செலவும் குறைவு, கெடுவதற்குரிய பொருளும் குறைவு. முழு வழியிற் சாவியே ஒழிந்துவிடும். சிறு மின்னணுப் பெட்டி ஒன்று சட்டைப்பையிலுள்ள சாதனத்தை வானலையால் அடையாளம் கண்டு, பொத்தானின் கட்டளையை ஏற்று, சாவி செய்த வேலைகள் அனைத்தையும் ரிலேக்களாற் செய்யும். கடைகளில் விற்கும் தொகுதிகள் பெரும்பாலும் இத்தகையன. வழுவழுப்பான தெருக்களில், புதிதான வண்டிகளில் இது தொல்லையின்றி இயங்கலாம். மலைநாட்டுப் பழைய வண்டியிற்றான் இடர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டும்.

அவற்றுட் கொடியது ஸ்டியரிங் பூட்டுப் பற்றியது. 1970களுக்குப் பின் வந்த கார்களிற் பெரும்பாலானவற்றில், சாவியை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் அச்சில் ஓர் இரும்பு முளை விழுந்து பூட்டிக்கொள்ளும். சாவியில்லாமல் எஞ்சின் ஓடும்படி கம்பிகளை மட்டும் மாற்றி, இந்த முளையை மறந்துவிட்டால் நேரக்கூடியதை எண்ணிப் பார்க்கவேண்டும். வண்டி புறப்படும், முதலாவது வளைவிலே முளை விழும், சக்கரம் திரும்பிய நிலையிலேயே நின்றுவிடும். இறம்பொடைக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் இது நேர்ந்தால், ஒருபுறம் மலைச் சுவர், மறுபுறம் பள்ளத்தாக்கு. இதற்கஞ்சிச் சிலர் முளையையே பிடுங்கிவிடுகின்றனர். அப்பொழுது வளைவு அச்சம் நீங்கும். திருடர் அச்சம் குடியேறும். இவ்விரண்டையும் நன்கு சிந்தித்து முடிவு செய்யாத கராஜில் வண்டியை ஒப்படைத்தல் தகாது. பூட்டே இல்லாத பழைய மைனர், பழைய லாண்ட்ரோவர் போன்றவற்றுக்கு இத்தொல்லை இல்லை என்பதும் குறிப்பிடத் தக்கது.

அடுத்தது கியர் பற்றியது. மலைச்சரிவில் வண்டியைக் கியரிலே நிறுத்துவது வழக்கம் என்று முன்னர்க் கூறப்பட்டது. கியரில் நிற்கும் வண்டியின் ஸ்டாட்டர் சுழன்றால், எஞ்சின் எழாவிட்டாலும் வண்டி துள்ளி நகரும். சாவியைத் திருப்பச் சிறு குழந்தையால் எளிதில் முடியாது; பளபளக்கும் பொத்தானை அழுத்தாத குழந்தை எங்கேயுமில்லை. எனவே கிளட்ச் மிதிபலகையை முழுதும் மிதித்தாலன்றிப் பொத்தான் வேலை செய்யாதவாறு, அம்மிதிபலகையில் ஒரு சிறு சுவிச்சு வைக்கவேண்டும். தொகுதியுடன் வரும் வரைபடங்கள் பிரேக் விளக்குக் கம்பியை இணைத்தாற் போதும் என்று சொல்லும். அது தானியங்கிக் கியர் வண்டிக்கே போதுமானது. கையாற் கியர் மாற்றும் வண்டிக்குக் கிளட்ச் சுவிச்சே காவல்.

மின்சார அமைப்பிலும் பழைய வண்டிகளுக்குத் தனிக் குணமுண்டு. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றிற் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய மின்னணுப் பெட்டிகளோ எதிர்முனை உடலோடு இணைந்த வண்டிகளுக்கென்றே செய்யப்படுவன. இதனை அறியாது பூட்டினாற் பெட்டி அக்கணமே மாண்டுபோகும். மேலும் இப்பெட்டிகளிற் சில, எஞ்சின் எழுந்துவிட்டதா என்பதை மின்னழுத்தம் உயர்வதைக் கொண்டு உணர்கின்றன. ஓல்ட்டனேற்றர் உள்ள வண்டியில் எஞ்சின் எழுந்தவுடனேயே மின்னழுத்தம் உயரும். பழைய டைனமோவோ எஞ்சின் மெல்ல ஓடும்போது மின்சாரம் தருவது அரிது. ஆகவே எஞ்சின் எழுந்த பின்பும், எழவில்லை என்று எண்ணிப் பெட்டி ஸ்டாட்டரை மேலும் சுழற்றும். வாத்தியார் வகுப்புக்கு வந்த பின்பும் மாணவன் மணியை அடித்துக்கொண்டே இருப்பதற்கு இது ஒப்பாகும்.

டீசல் வண்டியின் நிலை வேறு. குளிர்ந்த டீசல் எஞ்சின் எழுவதற்கு முன் அதன் வெப்பமூட்டும் பிளக்குகள் சில விநாடி சூடேறவேண்டும். அவசரமாக அழுத்திய பொத்தான் அந்த இடைவெளியைக் கொடாதாயின், நுவரெலியாக் காலையில் வெண்புகை வருமேயன்றி எஞ்சின் எழாது. சில பழைய டீசல் எஞ்சின்களை நிறுத்துவதற்கு ஒரு குமிழை இழுத்து எண்ணெயை மறிக்கவேண்டும். மின்சாரத்தை அறுத்தால் அவை நிற்பதில்லை. அத்தகைய வண்டிக்குப் பொத்தான் வைப்பதனால் ஒரு பயனும் இல்லை என்பதே நேர்மையான விடை.

எஞ்சினை நிறுத்தும் முறையும் சோதிக்கப்படவேண்டும். நல்ல அமைப்பில், ஓடும் வண்டியின் பொத்தானைத் தவறுதலாக ஒரு முறை தொட்டால் ஒன்றும் நேராது. தொடர்ந்து சில விநாடி அழுத்தியே நிறுத்தவேண்டும். மலிவான சிலவற்றில் ஒரு தொடுகையே போதும், எஞ்சின் ஓய்ந்துவிடும். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் எஞ்சினின் உதவி பெறும் வண்டியில், அவ்வுதவி இறக்கத்தில் அற்றுப்போனால் இரண்டும் கல்லாய்க் கனக்கும். கினிகத்தேனையிலிருந்து கீழிறங்கும் பாதையில், முன்னே கொழுந்து லொறி ஒன்று செல்லும்போது இது நேர்தல் விளையாட்டன்று.

சித்திரை மாதத்திற் பருவகாலக் கொண்டாட்டத்துக்காக நுவரெலியாவுக்குச் செல்வோர், 1930களிலேயே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டப் போட்டியைக் காண்பதுண்டு. பந்தயக் காரிற் பொத்தானைக் கண்ட இளைஞர் அதனையே தம் வீட்டுக் காரிலும் விரும்புகின்றனர். பந்தயக் காரில் அப்பொத்தானுடன் மற்றொன்றும் இருக்கும். ஆபத்து வேளையில் பற்றரியையே துண்டிக்கும் சுவிச்சு அது. வெளியே நிற்பவராலும் அதனை இயக்கமுடியும். அதனைப் பின்பற்ற விரும்பியவரைக் காண்பது அரிது.

இவையெல்லாம் திறமையுள்ள மெக்கானிக் ஒருவராற் சீர்செய்யத்தக்கவை. சீர்செய்ய இயலாத ஒன்று உண்டு; மலைநாட்டாருக்கு அதுவே முதன்மையானது. முழுத் தொகுதி பூட்டிய வண்டி, இறக்கத்தில் உருட்டி எழுப்பும் வசதியை இழக்கக்கூடும். காரணம் இதுதான். பற்றரி தளர்ந்து ஸ்டாட்டரைச் சுழற்ற மாட்டாத நிலையிலும், கொயிலுக்குத் தேவையான சிறு மின்சாரம் அதில் எஞ்சியிருக்கும். சாவி வெறும் இரும்பும் பித்தளையும் சேர்ந்த சுவிச்சு. இருக்கும் மின்சாரத்தை அப்படியே கடத்திவிடும். ஆகவே வண்டி உருண்டதும் பொறி தோன்றி எஞ்சின் எழும். மின்னணுப் பெட்டியோ மின்னழுத்தம் ஓரளவுக்குக் கீழே விழுந்தாற் கண் மூடிக்கொள்ளும். அது கண் மூடினால் அதன் ரிலேக்கள் விடுபடும். கொயிலுக்குச் செல்லும் மின்சாரமும் நின்றுவிடும். பின்னர் வண்டி அடிவாரம் வரை உருண்டாலும் எழாது.

இது நேரும் வேளை பெரும்பாலும் நள்ளிரவாகவே இருக்கும். லயத்திலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கிளாக்கர் ஐயாவின் காரையோ கடைக்காரரின் வானையோதான் தட்டி எழுப்புவார்கள். மழை பெய்யும், விளக்கும் மழைத்துடைப்பானும் பற்றரியை உறிஞ்சும். அத்தருணத்தில் அயலவர் நால்வர் கூடித் தள்ளினால் எழக்கூடிய வண்டியே அத்தோட்டத்துக்கு உகந்த வண்டி. சட்டைப்பைச் சாதனத்தின் சிறு பற்றரி அன்றைக்கென்று பார்த்துத் தீர்ந்துபோவதும் உண்டு. நல்ல தொகுதிகளில் அச்சாதனத்தைப் பொத்தானுக்கு அருகிற் பிடித்தால் அடையாளம் கண்டுகொள்ளும் வசதி இருக்கும். வாங்குவதற்கு முன், கடையிலேயே அந்தச் சிறு பற்றரியைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

இக்காரணங்களால், கையாற் கியர் மாற்றும் பழைய வண்டிக்கு மலைநாட்டில் முதற்கூறிய எளிய வழியே சிறந்தது எனலாம். சாவி பூட்டையும் கொயிலையும் காக்கும். பொத்தான் ஸ்டாட்டரை ஏவும். இரண்டுக்கும் நடுவே கிளட்ச் சுவிச்சு நிற்கும். பொத்தான் கெட்டாலும் வண்டி உருண்டு எழும். கண்ணுக்கு அழகு, விரலுக்கு இன்பம் என்று நாடுபவர்க்கும் இதிற் குறைவொன்றும் இல்லை. தானியங்கிக் கியர் வண்டியை உருட்டி எழுப்புதல் பொதுவாக இயலாது என்பதால், அதற்கு முழுத் தொகுதி பூட்டுவதில் இழப்பு அவ்வளவு இல்லை. அங்கும் ஸ்டியரிங் பூட்டுப் பற்றிய எச்சரிக்கை மாறாது.

எவ்வழியாயினும், பொத்தானுக்குப் பணம் கொடுப்பதன் முன்னர்ப் பற்றரிக்கும் கம்பிகளுக்கும் கொடுப்பதே முறை. காலையில் எழ மறுக்கும் வண்டிக்குப் பொத்தான் வைத்தால், அது பொத்தானுடன் எழ மறுக்கும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி 12.6 வோல்ற்று அளவு காட்டும், 12.2 காட்டினாற் பாதியே எஞ்சியுள்ளது. ஸ்டாட்டர் சுழலும்போது 10 வோல்ற்றுக்குக் கீழே நெடிது வீழுமாயின் பற்றரியை ஐயுறவேண்டும். குளிர் மிகுந்தாற் பற்றரியின் வலு குறைகிறது. அதே வேளையில் எண்ணெய் தடித்து எஞ்சின் கனக்கிறது. வரவு குறையும் நாளிலே செலவு கூடுவது போன்றது இது.

பலர் கவனியாத உறுப்பு ஒன்று உண்டு. எஞ்சின் ரப்பர் அணைகளின்மேல் இருப்பதனால், அதற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்சாரம் செல்லத் தடித்த பின்னற் பட்டை ஒன்று பூட்டப்பட்டிருக்கும். மலைநாட்டு ஈரத்தில் அதன் முனைகள் பச்சை பூத்து அரித்துப்போகும். அப்பொழுது ஸ்டாட்டருக்குரிய பெரும் மின்னோட்டம் வேறு வழி தேடி, சோக் கம்பியின் ஊடாகப் பாய்ந்து, அக்கம்பி சூடேறிப் புகைவதுமுண்டு. மீற்றரின் ஒரு முனையை எஞ்சினின் இரும்பிலும், மறு முனையை உடலோடு இணைந்த பற்றரி முனையிலும் வைத்து, ஸ்டாட்டரைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் அப்பட்டையையும் அதன் இணைப்புகளையும் சுரண்டிச் சுத்தமாக்கி இறுகப் பூட்டவேண்டும். பட்டையொன்றை மாற்றியவுடனே, பொத்தான் வேண்டும் என்று வந்தவர் அது இனி வேண்டாம் என்று திரும்பிச் செல்வதும் நடக்கக்கூடியதே.

பொத்தானை வைக்கும் இடம், சாரதியின் முழங்கால் படாததாகவும் குழந்தையின் கைக்கு எளிதில் எட்டாததாகவும் இருத்தல் வேண்டும். புதிதாகப் பூட்டிய கம்பி ஒவ்வொன்றின் நிறத்தையும், அது சென்று சேரும் இடத்தையும் மெக்கானிக்கைக் கொண்டு ஒரு தாளில் எழுதுவித்து, கண்ணாடி உறையிலிட்டு வண்டிக்குள்ளேயே வைப்பது நலம். பூட்டியவர் கொழும்பிலும் வண்டி மஸ்கெலியாவிலும் இருக்கும் நாளில், அத்தாளைக் கொண்டே வேறொருவர் அதனைத் திருத்த இயலும். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடவும் வேண்டும். முன்புறத்திற் கைபிடி செருகும் துவாரம் உள்ள பழைய மைனர் வைத்திருப்போர், அக்கைபிடியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாமல் பின்பெட்டியிலேயே கிடக்க விடலாம். சுழற்றும்போது பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டால், எஞ்சின் திருப்பி உதைத்தாலும் கை தப்பும்.